கோணமலை அடியில் ஒரு குடா

திருகோணமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் மலைமேல் ஏறிக் கோணேசப் பெருமானை வழிபட்டு, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவை எட்டிப் பார்த்துத் திரும்பிவிடுவர். மலையின் அடியிலே கடல் குடைந்து வைத்திருக்கும் சிறு குடாவை மேலிருந்து காண்பதன்றி, அங்கே சென்று மலையை அண்ணாந்து பார்த்தவர் மிகச் சிலரே. கரைவழியாக அதற்குப் பாதை இல்லை. வள்ளத்திலேதான் போகவேண்டும்; அதுவும் வாடைக்காற்று ஓய்ந்த பின்னரே கடல் கிட்ட விடும். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் எமது சங்கத்து அன்பர் எழுவர் அவ்வாறு சென்று வந்தோம். கோணேசர் கோயில் வரலாற்றை நூல்களிலே படித்த நாம், அதனைக் கடல் மட்டத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க விரும்பியதே காரணம்.

விடியுமுன் பின்குடாக் கரையிலிருந்து புறப்பட்டோம். கோணமலை, நகரிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமூக்கின் நுனி. அதற்கு வடக்கே பின்குடா. தெற்கே ஒல்லாந்தர் குடா. உலகப் புகழ் வாய்ந்த துறைமுகம் இவற்றுக்கு அப்பால், உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றது. அதைப்பற்றி எழுதியோர் பலர். நாம் அதை விட்டுவிடுவோம்.

மூக்கைச் சுற்றியதும் நீரின் நிறமே மாறிவிட்டது. கரையோரத்துப் பச்சை மறைந்து கருநீலமாயிற்று. 300 அடிக்கு மேற்பட்ட பாறை செங்குத்தாக எழுந்து காலை வெயிலை மறைத்தும் விடுத்தும் நின்றது. வள்ளத்தை ஓட்டிய முதியவர் எஞ்சினை நிறுத்தினார். “தம்பிமார், கையை வெளியில நீட்டாதேங்கோ. அலை தூக்கினால் கல்லில அடிக்கும்” என்றார். பின்னர் கடல்நீரைக் கையில் அள்ளி நெற்றியில் தொட்டுக்கொண்டு, மேல்நோக்கிக் கும்பிட்டார். கோயிலின் மதில்கூட அங்கிருந்து தெரியவில்லை. அவர் கும்பிட்டது மலையையே. இச்சிறு செயல் எமது மனத்தில் தங்கிவிட்டது. ஏன் என்பதைக் கீழே கூறுவோம்.

இத்தலத்தின் பழமையை ஈண்டு விரித்துரைத்தல் வேண்டா. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய பதிகம் உண்டு. நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, திருகோணமலை மச்சகேசுவரத்து மகாதேவருக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. புராணத்தை நம்பாதவரும் கல்வெட்டை நம்புவர். போர்த்துக்கேயப் பாதிரியாராகிய குவேரோஸ் தமது பெருநூலை 1687இல் முடித்தார். அவர் இங்கே மூன்று கோயில்கள் இருந்தன என்கிறார்: ஏற்றத்தின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் தலைமைக் கோயில். இத்தலத்தின் பெருமையைத் தம் சமயத்தவரின் உரோமாபுரியோடு ஒப்பிடவும் அவர் பின்வாங்கவில்லை. இடித்தவரின் இனத்தைச் சேர்ந்தவர் இப்படி எழுதியிருப்பதை எமது இளைஞர் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

கோயிலை இடித்தவன் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தைன் டி சா. ஆண்டு 1622 என்பர் சிலர். 1624 என்பர் வேறு சிலர். சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி நகர்வலம் போயிருந்த வேளையில், பறங்கிப் படைவீரர் அந்தணர் வேடத்தில் உட்புகுந்தனர் என்பது வழிவழி வந்த கதை. கதை எவ்வாறாயினும் 1624 அளவில் கோட்டை எழுந்துவிட்டது; கோயிற் கற்களே அதற்குப் பயன்பட்டன. இன்றும் கோட்டை வாயிலில் உடைந்த தமிழ்க் கல்வெட்டையும் இரட்டைக் கயலையும் காணலாம். நடந்து செல்லும் அடியார் அவற்றைக் கடந்தே மலைக்கு ஏறுகின்றனர். நின்று பார்ப்போர் குறைவு.

மலை பிளந்து பழைய கோயில் தானே கடலில் ஆழ்ந்தது என்று கூறுவாரும் உளர். கேட்க உருக்கமாக இருப்பினும், அதனை நாம் ஏற்கவில்லை. மனிதன் கைப்பட இடித்ததற்கு எழுத்துச் சான்று இருக்கும்போது கடலின்மேற் பழி சுமத்துவது நியாயமன்று. கோட்டைக்கு உதவாத கற்கள் விளிம்பிலிருந்து உருட்டப்பட்டு நேரே இக்குடாவில் விழுந்திருத்தல் வேண்டும். 1956இல் மைக் வில்சன் என்பவர் ஆதர் சி. கிளார்க்குடன் சேர்ந்து இங்கே மூழ்கி ஆய்ந்தபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியிற் கிடப்பதைக் கண்டார். கிளார்க் அச்செய்தியைத் தமது ‘தப்பிரபேனின் பவளப்பாறைகள்’ என்னும் ஆங்கில நூலில் 1957இல் வெளியிட்டார். நாம் போன அன்று தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருந்தது. எமது அன்பர் ஒருவர் சதுரமான கல் தெரிகின்றது என்று கூவினார். மற்ற அறுவருக்கும் அது வெறும் பாறையாகவே தோன்றிற்று. எனவே நாம் கண்டோம் என்று எழுதத் துணியவில்லை.

இனி, முதியவர் கும்பிட்டதற்கு வருவோம். எமது சங்க மேடைகளிலே ஒரு வழக்கமான பேச்சு உண்டு. கோயில் இடிக்கப்பட்டது, முந்நூற்று நாற்பது ஆண்டுகள் இருள் சூழ்ந்தது, 1963இல் மீண்டும் குடமுழுக்கு நடந்தது என்பதே அது. நாமும் அப்படிப் பேசியவர்களே. அந்தக் குடாவில் அரைமணி நேரம் அசைந்துகொண்டிருந்தபோது இப்பேச்சுப் பிழை என்று தோன்றிற்று. கட்டடம் இல்லாதிருந்தது உண்மை. வழிபாடு இல்லாதிருந்ததா?

முதலாவதாக, பறங்கியர் கைக்கு அகப்படாது தப்பிய திருவுருவங்கள் உண்டு. அடியார் சிலவற்றை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர் என்றும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் அவ்வாறே எழுந்தது என்றும் மரபு கூறும். வேறு சிலவற்றை மண்ணிற் புதைத்தனர். 1950இல் நகரசபையார் கிணறு தோண்டியபோது, கோயிலுக்கு ஏறத்தாழ 500 யார் தொலைவில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோழர் கலைப் பாணியில் அமைந்த அழகிய வடிவங்கள் அவை. யார் புதைத்தனர், எந்த இரவிற் புதைத்தனர் என எழுதி வைத்தார் இல்லை. இடத்தை அறிந்தவர் இறந்துபோக, மண் மட்டும் காத்து நின்றது. வரலாற்றில் பெயர் பெறாத அந்தச் சிலருக்கு எமது நூல்களில் ஒரு பக்கமேனும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது இதனினும் பெரிது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1803இல் அதற்கு பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்டனர். கொடிகள் மாறினும் மலை படையினரின் பாசறையாகவே இருந்தது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலேயர் சிலர் ஒரு காட்சியைக் குறித்துள்ளனர். 1859இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் தெனென்ற் அவர்களுள் ஒருவர். கோயில் இல்லாத அந்த வெறும் மலையின் விளிம்பில் ஓர் அந்தணர் நிற்கிறார், தீபம் காட்டுகிறார், தேங்காய் உடைக்கிறார், காணிக்கைகளைக் கீழே கடலில் இடுகிறார். சூழ நின்று அடியார் வணங்குகின்றனர். மூலத்தானம் இல்லை, விக்கிரகம் இல்லை, மணிக்கூண்டு இல்லை. பாறையே சந்நிதி, இந்தக் குடாவே தீர்த்தம். இடித்தவன் கற்களை எங்கே எறிந்தானோ அங்கேயே மலரும் தேங்காயும் விழுந்தன. அன்னிய அரசின் காவலாளி துவக்கோடு நிற்க, அவனைக் கடந்து போய் இதனைச் செய்தவர்களை இருளில் வாழ்ந்தவர் என்று நாம் மேடையிற் சொல்வது எவ்வளவு பிழை!

வேறொன்றும் சொல்லலாம். உச்சியிலே பிரான்சினா வான் றீடே என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்னும் ஆண்டும் பொறித்த தூண் ஒன்று நிற்கின்றது. காதலன் கப்பலேறிப் போக, அவள் மலையிலிருந்து குதித்தாள் என்பது கதை. அவள் பின்னர் மணமுடித்து வாழ்ந்தாள் என்று ஒல்லாந்தர் ஏடுகளே காட்டுகின்றன. தூணோ இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களுள் ஒன்று எனக் கருதப்படுவது. சுற்றுலா வருவோருக்கு அவளுடைய கதையைச் சுவைபடச் சொல்பவர்கள், தூணின் கதையைச் சொல்லாது விடுகின்றனர்.

1963ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி குடமுழுக்கு நிகழ்ந்தது. அதற்கு டாக்டர் பாலேந்திராவும் அடியார் பலரும் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து மலையேறியவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று, திரும்பும் வழியிலே தீர்மானித்தோம். இவ்வாண்டு மூவரிடம் கேட்டெழுதினோம்.

வெயில் ஏறக் காற்றும் ஏறிற்று. முதியவர் எஞ்சினை முடுக்குமுன், எத்தனை ஆண்டாகக் கும்பிட்டு வருகிறீர்கள் என்று கேட்டோம். “நான் என்னத்தைக் கண்டன் தம்பி? அப்பு கும்பிட்டவர், நானும் கும்பிடுறன். இதால போற வள்ளம் எல்லாம் கும்பிட்டுத்தான் போகும்” என்றார். ஒல்லாந்தர் குடாப் பக்கமாக வந்து கரை சேர்ந்தபோது மலைமேல் காலைப் பூசை மணி ஒலித்தது.