முதல் திரையின் விலையும் கடைசித் திரையின் விலையும்: கிழக்கேகோட்டைத் தங்குமிடங்களின் கூடுதல் கட்டணங்கள்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் நிர்மால்ய தரிசனம் அதிகாலை 3.30 மணிக்குத் தொடங்குகிறது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் குடும்பம் அதைக் காண வேண்டுமென்றால் முதல்நாள் இரவே கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டைக்கு வந்து எங்காவது தலைசாய்த்தாக வேண்டும். விடிவதற்குள் சாமி கும்பிட்டு, பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்து, சாலைக் கடைத்தெருவில் நாலு சாமான் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். இந்த வட்டாரத்துத் தங்குமிட விலையை ஆராய்கிறவர் இந்த ஓர் இரவிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு மலிவா, லாட்ஜ் மலிவா என்ற பொதுக் கேள்விக்கு விடை இல்லை. எத்தனை இரவு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்ட பிறகே விடை கிடைக்கும். இணையத்தில் அறை தேடுகிறவரின் கண்ணில் முதலில் படும் எண்ணோ இந்த மூன்றையும் கணக்கில் கொள்ளாத எண்ணாகவே நெடுங்காலம் இருந்துவந்தது.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: தங்குகிறவர் மறுக்க முடியாத எந்தக் கட்டணமும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், வாடகையின் பகுதியே. அதை வாடகையிலிருந்து பிரித்து, இணைய முன்பதிவின் கடைசித் திரையில் காட்டுவது விலையை ஒப்பிடும் உரிமையைப் பறிப்பதாகும். அந்தப் பறிப்பின் சுமை, ஓரிரவுக்கு வந்து போகிறவர் மேல்தான் மிக அதிகமாக விழுகிறது.

முதலில் லாட்ஜின் கணக்கைப் பார்ப்போம். தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை வரை உள்ள பழைய லாட்ஜுகளின் விலைமுறை எளியது. அறைக்கு ஒரு வாடகை. மூன்றாவது ஆளுக்கு ஒரு மெத்தை, அதற்கு ஒரு தொகை. சாவி வாங்கும்போது ஓர் அட்வான்ஸ், காலி செய்யும்போது கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இவற்றில் மெத்தைக் காசுதான் உண்மையான கூடுதல் கட்டணம். அது வேண்டாமென்றால் கொடுக்க வேண்டாம். லாட்ஜ்களில் இன்னொரு வசதி, பல இடங்களில் இன்றும் இருக்கும் 24 மணி நேரக் கணக்கு. இரவு பதினொரு மணிக்கு நுழைந்தவருக்கு மறுநாள் இரவு பதினொரு மணி வரை அறை அவருடையது. வாடகை வீடுகளில் வழக்கம் வேறு. பிற்பகலில் செக்-இன், மறுநாள் காலை பத்து பதினொரு மணிக்கு செக்-அவுட். நள்ளிரவில் வந்து விடியற்காலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பி, குளித்து, ஒரு மணி நேரம் கண்ணயர நினைக்கும் வயதானவர்களுக்கு அந்தச் சில மணி நேரமும் காசுதான். ஆனால் எந்தப் பட்டியலிலும் அது கட்டணம் என்ற பெயரில் வராது.

வாடகை வீட்டின் கட்டணங்கள் வேறு காரணத்திலிருந்து பிறப்பவை. கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரிக்கிறது. அந்த ஏற்பாட்டின் அடிப்படையே வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிப்பதுதான். அப்படிப்பட்ட வீட்டில் படுக்கை விரிப்பைத் துவைப்பதும் தரை துடைப்பதும் வீட்டு வேலையோடு வேலையாக முடிந்துவிடும். அதற்கெனத் தனிக் கட்டணம் போடும் தேவை எழுவதில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருந்து, வீட்டை முழுதாக இரவுக் கணக்கில் விடும்போது நிலைமை மாறுகிறது. சாவி கொடுக்க ஓர் ஆள், சுத்தம் செய்ய ஓர் ஆள், துணியை வெளுக்க ஒரு கடை. இந்தச் செலவு ஒவ்வொரு வருகைக்கும் ஒரே அளவு. விருந்தினர் ஓரிரவு தங்கினாலும் ஆறிரவு தங்கினாலும் ஒன்றுதான். சுத்தம் செய்யும் கட்டணம் வீட்டுக்காரர் அங்கே இல்லாததன் விலை என்பதை இந்த விவாதத்தில் பலரும் தவறவிடுகிறார்கள். அதன் மேல் இணையதளத்தின் சேவைக் கட்டணம் வருகிறது. வாடகை வீடுகளுக்கான முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி நெடுங்காலம் நடத்திவந்த முறையில் வீட்டுக்காரரிடம் 3 சதவீதமும், விருந்தினரிடம் பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டியும் வாங்கியது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டால் இதன் விளைவு தெளிவாகும். இதில் வரும் வாடகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஐந்து பேர் கொண்ட குடும்பம். லாட்ஜில் இரண்டு அறை, அறைக்கு 1,800 ரூபாய். ஒரு கூடுதல் மெத்தை 400. மொத்தம் 4,000, 5 சதவீத ஜிஎஸ்டியோடு 4,200. இரண்டு படுக்கையறை வீடு ஒன்று திரையில் 3,000 ரூபாய் என்று தெரிகிறது. சுத்தம் செய்ய 1,000. இரண்டுக்கும் சேர்த்து 14 சதவீதச் சேவைக் கட்டணம் 560. தங்குவதற்கான வரி 200. சேவைக் கட்டணத்தின் மேல் 18 சதவீத வரி 101. ஆக 4,861. முதல் திரையில் லாட்ஜை விட மலிவாகத் தெரிந்த வீடு, கடைசித் திரையில் 661 ரூபாய் அதிகம். அதே குடும்பம் நான்கு இரவு தங்கினால் லாட்ஜுக்கு 16,800, வீட்டுக்கு 15,798. இப்போது வீடுதான் 1,002 ரூபாய் மலிவு, சமையலறையும் கூடவே கிடைக்கிறது. கோவளம், பூவாறு என்று சுற்றப் போகிறவர்களுக்கு வீடு நியாயமான தேர்வு. நிர்மால்யம் பார்க்க வந்தவர்களுக்கு அது விலை கூடிய தேர்வு. ஆனால் இரு சாராரும் பார்த்தது அதே 3,000 என்ற எண்ணைத்தான்.

வீட்டு உரிமையாளர் தரப்புக்கு வலுவான ஒரு பதில் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நிலையான செலவைத் தனியாகவும் இரவுச் செலவைத் தனியாகவும் வசூலிப்பதே நேர்மை என்பார்கள். ஹோட்டல் இரண்டையும் கலந்து சராசரி போடுகிறது. அதனால் நீண்ட நாள் தங்குகிறவர், ஓரிரவுக்காரரின் படுக்கை விரிப்பு வெளுப்புக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். இரட்டைக் கூறு விலை என்று பொருளியலில் பேசப்படும் இந்த முறையை வால்டர் ஓய் 1971-இல் ஆராய்ந்து எழுதினார். அதில் இயல்பாக எந்தக் குற்றமும் இல்லை. தளத்தின் கமிஷனைப் பற்றியும் இதே போல ஒரு நியாயம் சொல்லலாம். ஹோட்டல் முன்பதிவுத் தளங்களும் ஹோட்டலிடமிருந்து கமிஷன் வாங்குகின்றன. அது அறை வாடகைக்குள் மறைந்திருப்பதால் விருந்தினர் அதைக் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டணம் அதிகம் என்பதால் மொத்தமும் அதிகம் என்று முடிவு கட்டுவது தவறு.

இந்த வாதம் கட்டணத்தைப் பிரிப்பதற்குத்தான் நியாயம் தருகிறது. தாமதமாகக் காட்டுவதற்கு அது நியாயம் தரவில்லை. இரண்டும் வேறு வேறு செயல்கள். தேடல் பட்டியல் இரவு வாடகையை வைத்து வரிசைப்படுத்தும்போது, வாடகையைக் குறைத்துச் சுத்தக் கட்டணத்தைக் கூட்டுகிற வீட்டுக்காரருக்கு மேலே இடம் கிடைக்கிறது. எல்லாவற்றையும் வாடகையில் சேர்த்துச் சொல்கிறவர் கீழே தள்ளப்படுகிறார். இந்த வரிசை நேர்மையைத் தண்டிக்கிறது. பொருளியலாளர்கள் சேவியர் கபெயும் டேவிட் லெய்ப்சனும் 2006-இல் எழுதிய கட்டுரையில், மறைக்கப்பட்ட துணை விலைகளைப் போட்டி தானாக அம்பலப்படுத்திவிடாது என்று காட்டினார்கள். டிக்கெட் மறுவிற்பனைத் தளமான ஸ்டப்ஹப்பில் நடந்த பெரும் பரிசோதனை இதை எண்ணால் உறுதிப்படுத்தியது. கட்டணங்களைக் கடைசியில் மட்டும் பார்த்தவர்கள், முதலிலேயே பார்த்தவர்களை விடச் சுமார் 21 சதவீதம் அதிகம் செலவிட்டார்கள். அங்கே நடந்தது வெறும் ஏமாறுதல் அல்ல. அவர்கள் விலை கூடிய இருக்கைகளையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பெயர், வயது, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பி, பாட்டிக்குக் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதென்று வீட்டாரிடம் சொல்லியும் விட்ட பிறகு, 661 ரூபாய்க்காக மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்குகிறவர் எத்தனை பேர்?

வரியின் பங்கும் இங்கே சிறிதல்ல. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கு நீங்கி 12 சதவீதமாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆண்டு வருவாய் 20 லட்சத்தை எட்டாத சிறு வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் நேரில் பேசி அறை எடுத்தால் வரி இல்லை. அதே அறையைத் தளத்தின் வழியே எடுத்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி அந்த வரியைத் தளமே வசூலித்துக் கட்ட வேண்டும். ஒரே வீடு, ஒரே இரவு, வழியைப் பொறுத்து வரி மாறுகிறது. எந்த விலையை விலை என்று கொள்வது என்ற குழப்பம் சட்டத்துக்கே ஒருகாலத்தில் இருந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டும். தொடக்கத்தில் ஹோட்டல் வரி விகிதத்தை அறிவிப்புப் பலகையில் உள்ள வாடகையை வைத்து முடிவு செய்தார்கள். 2018 ஜூலை 27 முதல்தான் உண்மையில் வாங்கும் தொகையை வைத்து முடிவு செய்யலானார்கள். அரசு தன் வரிக்குச் செய்துகொண்ட திருத்தம் வாடிக்கையாளருக்கும் கிடைக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், கட்டாயக் கட்டணங்களும் வரியும் சேர்த்த மொத்த விலையை ஒரே எண்ணில், பிரிவு விவரத்தோடு தரும்படி சொல்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், ஏய்ப்பு வடிவமைப்புகள் என்று பதின்மூன்றைப் பட்டியலிட்டன. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதும் அவற்றில் ஒன்று. குறை எங்கே என்றால், மொத்த விலையைத் தரும் கடமை பெரிதும் விற்பவரின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் தரப்பினர் விலையை மாற்றினால் அந்த அளவுக்குத் தளம் பொறுப்பல்ல என்ற ஒதுக்கமும் நெறிகளில் உண்டு. கோட்டைக்குள் ஓர் அக்ரகார வீட்டின் மாடியை வாடகைக்கு விடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியரால் தளத்தின் முதல் திரையை மாற்றியமைக்க முடியுமா? எந்த எண்ணைப் பெரிதாகக் காட்டுவது, எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதை முடிவு செய்வது தளம். கடமையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

வெளிநாடுகள் இந்தத் திசையில் நகர்ந்துவிட்டன. மொத்த விலையை முதலிலேயே காட்டச் சொல்லும் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது ஹோட்டலையும் குறுகியகால வாடகை வீட்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் கட்டாயக் கட்டணத்தை முதலில் காட்டும் விலையில் சேர்க்காமல் விடுவதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கேட்டதன் பேரில் ஏர்பிஎன்பி ஐரோப்பாவில் மொத்த விலையைக் காட்டத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் உலகம் முழுவதற்கும், வரி நீங்கலாக, அதை இயல்பாக்கியது. ஒரு நிறுவனத்தின் மனமாற்றம் நல்லதே. ஆனால் விருப்பத்தால் வந்தது விருப்பத்தால் போகவும் கூடும். மற்ற தளங்களை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

ஹோட்டல்களும் இதில் தூய்மையானவை அல்ல. கிழக்கேகோட்டையிலிருந்து நகரப் பேருந்து போகும் கோவளம் போன்ற கடற்கரைகளின் பெரிய ஹோட்டல்களில் டிசம்பர் 24, 31 இரவுகளுக்குக் கட்டாய விருந்துக் கட்டணம் சேர்ப்பது பழகிப்போன நடைமுறை. சாப்பிட வராதவரும் கொடுத்தாக வேண்டும். சுத்தக் கட்டணத்துக்காவது பின்னால் ஒரு வேலை இருக்கிறது. இதற்கு அதுவும் இல்லை. விழாக்காலத்தில் வாடகையே ஏறுவதை இதோடு சேர்க்கக் கூடாது. ஆற்றுகால் பொங்கல் 1997-இல் 15 லட்சம் பெண்களும் 2009-இல் 25 லட்சம் பெண்களும் கூடியதற்காகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற விழா. அந்த நாளில் அறை விலை ஏறும். ஏறியது முதல் திரையிலேயே தெரிந்தால் வருகிறவர் யோசித்து முடிவெடுக்கலாம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தேதியும் ஆள் எண்ணிக்கையும் கொடுத்த உடனே, தங்கும் காலம் முழுவதற்குமான தொகை வரியோடு ஒரே எண்ணாக வர வேண்டும். வரிசையும் அந்த எண்ணின்படியே அமைய வேண்டும். கேரளச் சுற்றுலாத் துறை தரச்சான்று தரும்போது கட்டாயக் கட்டணங்களின் விவரத்தையும் கேட்டு வெளியிடலாம். அது வரும் வரை ஏமாந்தவர் கையில் ஒரு கருவி உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக் கட்டணம் இல்லை. கிழக்கேகோட்டையில் தங்கிய நாகர்கோவில்காரர் நாகர்கோவிலிலேயே மனுப் போடலாம். தேடும்போது வந்த முதல் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்து, கடைசி ரசீதோடு அதையும் இணைத்தால் இரண்டு எண்களும் ஆணையத்தின் முன் அருகருகே நிற்கும்.