எந்த லினக்ஸ் நல்லது, சேர்?

 

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதிலிருந்து துணுக்காய்ப் பக்கத்து ஆசிரியர்கள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்வி: "பழைய கணினியைக் கழிக்கத்தான் வேணுமா? லினக்ஸ் போடலாமெண்டால் எது நல்லது?"

கழிக்கத் தேவையில்லை. எது நல்லது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கேர்னலை வெளியிட்டார். அந்த நேரம் வன்னிக்குள் டோர்ச் பற்றரியே தடைப்பட்ட பொருள். எங்கள் பெற்றோரோ 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். கணினிக்கு நாங்கள் எல்லோரும் பிந்தி வந்தவர்கள். பிறர் பாவித்து விட்ட கணினிதான் இன்றும் பல பிள்ளைகளுக்கு முதல் கணினி.

கேர்னலை மட்டும் வைத்து வேலை செய்ய ஏலாது. மற்ற மென்பொருட்களையும் சேர்த்துக் கட்டிய பொதிதான் விநியோகம். ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகப் பிறந்தது. 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன், தொண்டர்கள் பொறுமையாகச் சோதித்து வெளியிடுவது. 2004இல் வந்த உபுண்டு, டெபியனை எல்லோருக்கும் இலகுவாக்கியது. 2011 வரை கேட்டவர்களுக்கு இலவசமாக சிடி அனுப்பியது. 2006இல் வந்த மின்ட், விண்டோஸ் பழகிய கைக்கு ஏற்றது. இந்திய மொழிகளுக்காக சென்னை சீடாக் 2007இல் பாஸ் லினக்ஸைத் தந்தது. இலங்கைப் பாவனையாளருக்காக 2009இல் ஹந்தான லினக்ஸ் வந்தது. இன்று பெரிய விநியோகங்கள் எல்லாவற்றிலும் யுனிகோட் தமிழ் இருப்பதால், தமிழுக்கென்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

ஆகவே பெயரைப் பார்க்க முன் உங்கள் கணினியைப் பாருங்கள்.

மிகப் பழைய 32-பிட் என்றால் டெபியன் 12. அதற்கு அடுத்த 13இல் 32-பிட் நிறுவி இல்லை. 64-பிட், 4 ஜிபி ரம் என்றால் மின்ட் எக்ஸ்எப்சிஈ. 8 ஜிபி இருந்தால் மின்ட் சினமனோ உபுண்டுவோ, விருப்பம் உங்களது.

எங்கள் ஆசிரியர்களுக்கு இன்னொரு கவலை: பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள். அந்த எழுத்துருவைப் பிரதிசெய்து நிறுவினால் லிப்ரேஒபிஸில் வாசிக்கலாம். பக்க அமைப்பு கொஞ்சம் குலையலாம். அச்சடிக்க முன் பாருங்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் உங்களுக்குக் கட்டாயமென்றால் அந்தக் கணினியை மாற்றாதீர்கள்.

முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், சத்தம் மூன்றும் சரியென்றால், கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவுங்கள்.

பிந்தி வந்ததற்காக எங்கள் பிள்ளைகள் இன்னும் காத்திருக்க வேண்டியதில்லை. மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் கணினி ஒன்று இருந்தால் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.