செல்போர்னில் விழுந்த ரெண்டு மரங்கள்

கல்வெட்டும் செப்பேடும் இருந்தாத்தான் வரலாறா என்ன? சில ஊர்க்கதையை மரத்தை வெச்சே சொல்லிடலாம். அப்படி ஒரு ஊர்தான் செல்போர்ன். தெற்கு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் இருக்கிற சின்ன கிராமம்.

இந்த ஊர்க்காரர் கில்பர்ட் வைட் (1720-1793). பாதிரியார். ஊர்ல இருக்கிற பறவை, பூச்சி, செடி, மழைன்னு ஒண்ணு விடாம கவனிச்சு கடிதங்களா எழுதினார். அது 1789ல் புத்தகமாச்சு.

அதில் முதல் மரம் வருது. ஊர் நடுவுல, சர்ச் பக்கத்துல 'பிளெஸ்டர்'னு ஒரு சதுக்கம். விளையாடுற இடம்னு அர்த்தமாம். அங்கே குட்டையான தடிமரத்தோட, கிளைகளைப் பக்கவாட்டில் நீட்டிக்கிட்டு ஒரு பெரிய ஓக் மரம். சுத்திலும் கல் படி, உட்கார இடம். கோடை சாயங்காலம் பெரியவங்க பேசிக்கிட்டு இருப்பாங்க, சின்னதுங்க ஆடும். 1703 நவம்பர்ல இங்கிலாந்தையே புரட்டிப்போட்ட பெரும்புயல் அதையும் சாய்ச்சிடுச்சு. ஊர் விகார் சில பவுண்டு செலவு பண்ணி அதே இடத்தில் நிமிர்த்தி வெச்சார். கொஞ்ச நாள் துளிர்த்தது. அப்புறம் பட்டுப்போச்சு.

இதை வைட் நேர்ல பார்க்கலை. அவர் பிறந்ததே 1720ல் தானே! அப்போ ஊர் விகாரா இருந்தவர் அவரோட சொந்த தாத்தா, பேரும் அதே கில்பர்ட் வைட். ஆனா மரக்கதை சொல்ற இடத்தில் பேரன் 'விகார்'னு மட்டும் எழுதிட்டு நகர்ந்துடறார். தாத்தா பெருமை பேசலை :-)

ரெண்டாவது, சர்ச் கல்லறைத் தோட்டத்து யூ மரம். வைட் அளந்தப்போ சுற்றளவு 23 அடி. நாலஞ்சு பேர் கைகோத்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும். ஆண் மரம், வசந்தத்துல மகரந்தத்தைப் புகை மாதிரி கொட்டும்னு எழுதியிருக்கார். 1990 ஜனவரி 25 புயல்ல அதுவும் விழுந்தது. பிடுங்கின வேருக்கு நடுவுல பழைய மனித எலும்புகள்!

ஊர் என்ன செஞ்சது தெரியுமா? கிளைகளை வெட்டிட்டு, அடிமரத்தைத் தூக்கி மறுபடி நட்டாங்க. 286 வருஷம் கழிச்சு, அதே முயற்சி. முடிவும் அதேதான்: மரம் பிழைக்கலை. அறுந்த வேர் அவ்வளவு பெரிய உடம்புக்குத் தண்ணி தர முடியுமா?

தோத்துப்போன கதை அந்த ஊர்ப் புத்தகத்திலேயே இருக்கு. தெரிஞ்சும் ஏன் செஞ்சாங்க? தாத்தா ஏன் செஞ்சாரோ, அதே காரணம்தான்னு நினைக்கிறேன். நிழல் தந்ததை, விழுந்த அன்னிக்கே விறகா பார்க்க மனசு வராது.

இந்த தடவை ஒரு வித்தியாசம். பழைய மரத்தோட கிளையிலிருந்து வளர்த்த கன்னு ஒண்ணை அதே தோட்டத்தில் நட்டாங்க. நிமிர்த்தி வெச்சது போச்சு, நட்டு வெச்சது இருக்கு.

ஓக் மரம் ஒரு பத்தியா எழுதப்பட்டதால மிஞ்சிச்சு. உங்க ஊர்லயும் விழுந்த மரம் ஒண்ணு இருக்கும். அதைப் பார்த்த பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சுடுங்க மக்களே.