மாதிரி விமானப் பந்தயமும் நடுவர் கண்ணும்

1960-ஆம் ஆண்டில், ஆகாயத்தில் கரணமிடும் கலைக்கு உலகப் பட்டம் வழங்கும் இரண்டு பந்தயங்கள் ஐரோப்பாக் கண்டத்தின் இரண்டு ஊர்களில் தொடங்கின. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் விமானி தானே ஏறி அமர்ந்து ஓட்டும் விமானங்கள் பறந்தன. சுவிட்சர்லாந்தில், சூரிக் நகரை அடுத்த டூபெண்டார்ஃப் மைதானத்தில், தரையில் நின்றவர்கள் ரேடியோ அலையால் இயக்கிய மாதிரி விமானங்கள் பறந்தன. இரண்டுக்கும் தலைமை ஸ்தாபனம் ஒன்றுதான். 1905-இல் தோன்றிய சர்வதேச விமானச் சம்மேளனம். இரண்டிலும் வெற்றியைத் தீர்மானித்தது கடிகாரமோ அளவுகோலோ அன்று; நாற்காலியில் அமர்ந்து வானத்தை அண்ணாந்து பார்த்த சில மனிதர்களுடைய கண்ணே தீர்மானித்தது.

பிராட்டிஸ்லாவாவில் பட்டம் பெற்றவர் அந்தத் தேசத்தவரான லாடிஸ்லாவ் பெசாக். 1962-இல் பந்தயம் புடாபெஸ்ட்டுக்குச் சென்றது; ஹங்கேரியின் யோசெஃப் டோத் வென்றார். 1964-இல் ஸ்பெயினின் பில்பாவோவில் ஸ்பானியரான தோமாஸ் காஸ்டானோவும், 1966-இல் மாஸ்கோவில் சோவியத் விமானி விளாதிமிர் மார்டெம்யானோவும், 1968-இல் மாக்டெபுர்க்கில் கிழக்கு ஜெர்மனியின் எர்வின் பிளேஸ்கேயும் வாகை சூடினர். ஐந்து பந்தயங்கள், ஐந்து தேசங்கள். ஐந்திலும் விருந்து வைத்த வீட்டுக்காரருக்கே பரிசு. 1970-இல் இங்கிலாந்தின் ஹல்லாவிங்டனில் சோவியத் விமானி இகோர் யெகோரோவ் வென்ற பிறகே இந்த வரிசை அறுந்தது.

இதைக் கண்டவுடன் பக்ஷபாதம் என்று கூவிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. இந்த ஐவரும் தேர்ந்த விமானிகள். தம் ஊர் மைதானத்தின் காற்றையும் வெளிச்சத்தையும் தரை அடையாளங்களையும் மாதக்கணக்கில் பழகியவனுக்கு, நேற்று வந்து இறங்கியவனைவிட அனுகூலம் அதிகம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும், எந்தக் காரணத்தால் விளைந்ததென்று யாராலும் நிரூபிக்க முடியாத ஒரு முடிவு மீண்டும் மீண்டும் விளையுமானால், தோற்றவன் மனத்தில் சந்தேகம் குடிபுகும். வென்றவனுக்கும் தன் வெற்றி முழுமையானதுதானா என்ற நெருடல் மிஞ்சும். ஆகாயக் கரணப் பந்தயத்தின் விதிகள் வளர்ந்த சரித்திரத்தை, இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்ற முயன்ற சரித்திரமாகவே நான் வாசிக்கிறேன்.

மாதிரி விமான உலகத்தின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கிற்று. டூபெண்டார்ஃபில் வென்றவர் எட் கஸ்மிர்ஸ்கி என்ற அமெரிக்கர். 1962-இல் இங்கிலாந்தின் கென்லியில் டாம் பிரெட். 1963-இல் பெல்ஜியத்தின் கெங்க் நகரிலும் 1965-இல் ஸ்வீடனின் யுங்பிஹெட்டிலும் ரால்ஃப் புரூக். 1967-இல் கார்சிகாத் தீவின் அஜாக்சியோவில் ஃபில் கிராஃப்ட். ஐந்து முறையும் வென்ற இடம் ஐரோப்பா. வென்றவர் அனைவரும் அமெரிக்கர். 1971-இல் பந்தயம் முதன்முறையாக அமெரிக்க மண்ணில், பென்சில்வேனியாவின் டாயில்ஸ்டவுனில் நடந்தபோதோ, பட்டத்தைக் கொண்டு சென்றவர் சுவிட்சர்லாந்தின் புரூனோ கீசென்டானர். 1977-இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர். சிறிய விமானங்களின் நடுவர்கள் பெரிய விமானங்களின் நடுவர்களைவிட உத்தமர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதற்கில்லை. அங்கே தேசங்களின் கௌரவமும் அரசாங்கங்களின் பணமும் அவ்வளவு கனமாக வந்து அழுத்தவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

கரணத்துக்கு மதிப்பெண் இடுவது என்ற எண்ணம் கரணம் பிறந்தபோதே பிறந்ததன்று. 1913 செப்டம்பரில் கீவ் நகரில் பியோத்தர் நெஸ்தெரோவ் என்ற ருஷ்யப் படைவீரர் முதன்முதலாக விமானத்தைச் செங்குத்து வட்டமாகச் சுழற்றியபோது, அவருடைய மேலதிகாரிகள் மதிப்பெண் இடவில்லை. அரசாங்கச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று பத்து நாள் காவல் விதித்தார்கள். இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1934-இல், பாரிஸ் நகரை அடுத்த வேன்சேனில் தேசங்களிடையே உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தபோது, ஜெர்மானியரான கெர்ஹார்ட் ஃபீஸ்லர் பிரெஞ்சு ஜனங்களின் கண்முன்னே வென்றார். ஆனாலும், எந்தக் கரணம் எவ்வளவு கடினம், எந்தப் பிசகு எவ்வளவு பெரிது என்பது நெடுங்காலம் பார்ப்பவரின் அபிப்பிராயத்தையே பெரிதும் சார்ந்திருந்தது.

இந்த நிலையை மாற்றியவர் ஹோசே லூயிஸ் அரெஸ்டி என்ற ஸ்பானிய விமானி. இசைக்குச் சுரக்குறிப்பு இருப்பதைப் போலக் கரணத்துக்கும் ஒரு கோட்டுக்குறிப்பை அவர் வகுத்தார். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு சித்திரம், ஒவ்வொரு சித்திரத்துக்கும் அதன் கடினத்துக்கேற்ற ஒரு குணக எண். 1964-இல் பில்பாவோவில் உலகப் பந்தயம் இந்த முறைப்படி நடந்தது. விமானி என்ன செய்யப்போகிறான் என்பது முன்கூட்டியே தாளில் வரையப்பட்டுவிட்டதால், அதைச் செய்தானா, எவ்வளவு செம்மையாகச் செய்தான் என்ற ஒரே கேள்விதான் நடுவருக்கு மிச்சம். கடினத்தைப் பற்றிய அபிப்பிராயம் நடுவர் கையிலிருந்து புத்தகத்துக்குப் போயிற்று. சித்திரங்கள் வேறாயினும் இதே தத்துவம் மாதிரி விமானப் பந்தயத்திலும் வேரூன்றியது. ஒவ்வொரு கரணத்துக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண், அதைப் பெருக்க ஒரு குணகம். முன்பு முழு எண்களே உண்டு. இப்போது அரை மதிப்பெண்ணும் உண்டு.

ஆனால் மாதிரி விமானத்தின் நடுவருக்கு வேறொரு சங்கடம் உண்டு. இதை அறியாதவர்கள்தாம் அவர் தீர்ப்பை எளிதில் பழிக்கிறார்கள். இன்றைய விதிப்படி விமானத்தின் சிறககலம் இரண்டு மீட்டருக்கு மேற்படலாகாது. அது பறப்பதோ நின்று இயக்குபவரிடமிருந்து சுமார் 150 மீட்டர் தொலைவில். அத்தொலைவில் அந்தச் சிறகு முழுவதும் முழுநிலவின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கே தோன்றும். அவ்வளவு சிறிய உருவம் ஏறத்தாழ பதினைந்து டிகிரி பிசகினால் ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது விதி. அதோடு, விமானம் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அறுபது டிகிரிக்குள், உயரத்திலும் அறுபது டிகிரிக்குள் அடங்கிப் பறக்க வேண்டும். அந்த மேல் எல்லை ஏறத்தாழ 260 மீட்டர் உயரம். தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு உண்மையான வட்டம் உச்சியில் சற்று நசுங்கித் தெரியும். உச்சியில் சற்று நீண்ட வட்டமோ சரியான வட்டமாகத் தெரியலாம். இடக்கோடி நாற்காலியில் இருப்பவரும் வலக்கோடியில் இருப்பவரும் ஒரே கரணத்தைக் கண்டாலும், ஒரே காட்சியைக் காண்பதில்லை. இருவரும் மனச்சாட்சிக்கு உண்மையாக எழுதினாலும் எண்கள் வேறுபடும்.

1960-இன் விமானங்களை எண்ணிப் பார்த்தால் அன்றைய நடுவரின் பாடு இன்னும் விளங்கும். அக்காலத்து ரேடியோப் பெட்டியில் கைக்கேற்ப அளவோடு வளையும் சுக்கான் இல்லை; விசையை அழுத்தினால் முழுவதும் திரும்பும், விட்டால் நடுவுக்கு மீளும். வட்டத்தை அளவாக வளைக்க விசையைத் தட்டித் தட்டி விட வேண்டும். கஸ்மிர்ஸ்கியின் 'ஓரியன்' அவ்வகையில் பறந்ததுதான். ஆகவே அன்றைய வட்டங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழுந்தன. அவை கருவியின் குற்றமா, கையின் குற்றமா என்று நடுவர் நினைக்க நேர்ந்தது. பிறகு கையசைவுக்கு இணங்கி வளையும் ரேடியோக்கள் வந்தன. 1967-இன் வெற்றியாளரான கிராஃப்ட் அத்தகைய ரேடியோக்களைச் செய்து விற்றவர். கருவி செம்மைப்பட்டதும் அந்தக் கேள்வி மறைந்தது. ஆனால் புதுக் கருவி, விலையுயர்ந்த விமானம், பெயர் பெற்ற தயாரிப்பு ஆகியவை பறப்புக்கு முன்பே நடுவர் மனத்தில் ஓர் எண்ணத்தை விதைக்கக்கூடும் என்ற அச்சம் பிறந்தது. போட்டியாளரின் பெயர், தேசம், விமானத்தின் தயாரிப்பு, இயந்திரத்தின் வகை ஆகிய எதுவும் மதிப்பெண்ணைத் தீண்டக்கூடாது என்று நடுவர்களுக்குச் சொல்லிவைப்பது இதனால்தான்.

காற்றைப் பற்றிய விதியும் இங்கே நினைக்கத் தக்கது. ஆளேறும் விமானம் செங்குத்தாக ஏறுகையில், அதன் உடல் செங்குத்தாக நிற்கிறதா என்றே நடுவர் பார்க்கிறார். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளினால் அது குற்றமில்லை. மாதிரி விமானத்திலோ, உடல் எப்படிச் சாய்ந்தாலும் அது வரையும் பாதை செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரே கலையின் இரண்டு கிளைகள் எது செம்மை என்பதில் இரண்டு முடிவுக்கு வந்தன. பெரிய விமானத்தைப் பார்த்துப் பழகிய கண் சிறியதைத் தீர்மானிக்க அமர்ந்தால், கெட்ட எண்ணம் ஒரு துளியும் இன்றியே அநீதி செய்துவிடும்.

பக்ஷபாதம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதே என்பது என் துணிபு. முதலில் பறப்பவனுக்கு நடுவர் கையைச் சுருக்கி எழுதுகிறார், பின்னால் இன்னும் நல்லவன் வருவானோ என்று. அருமையாகப் பறந்த ஒருவனுக்கு அடுத்து வருபவன் அந்த ஒளியில் மங்கிப்போகிறான். மாலை வெயிலில் களைத்த கண் ஏழையும் எட்டையும் வேறு பிரித்தறிவதில்லை. முன்னாள் வெற்றியாளன் செய்த சிறு பிசகைக் கண் காண்கிறது, மனம் நம்ப மறுக்கிறது. இவற்றுக்கு எதிராகத்தான் விதிகள் பெருகின: பறக்கும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கல், வெவ்வேறு தேசத்து நடுவர்களைக் கொண்ட குழு, பார்வை வானத்தைவிட்டு அகலாதிருக்க, நடுவர் சொல்லும் எண்ணைப் பக்கத்தில் அமர்ந்து குறித்துக்கொள்ளும் ஓர் எழுத்தர்.

பிறகு எண்களின் மீதே கை வைத்தார்கள். ஐவர் இட்ட எண்களில் உச்சமும் நீசமுமான இரண்டை நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவது முதல் உபாயம். ஒருவர் தம் நாட்டானுக்கு ஒன்பதரை இட்டு, மற்றவர்கள் ஏழும் ஏழரையும் இட்டால், அந்த ஒன்பதரை காற்றில் போகும். இது தந்திரக்காரனைத் தடுக்கும். எல்லாருக்கும் ஒரே அளவில் அரை மதிப்பெண் கூட்டியிடும் தாராளக்காரனையும், ஒரே அளவில் குறைத்திடும் கண்டிப்புக்காரனையும் என்ன செய்வது? இதற்காக எழுந்ததே தராசோவ், பவர், லாங் என்ற மூவரின் பெயரால் வழங்கும் கணக்குமுறை. ஒவ்வொரு நடுவரின் சராசரியையும், அவர் எண்கள் விரியும் அகலத்தையும் கணக்கிட்டு, எல்லாரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகும் எட்டி நிற்கும் எண்ணைத் தள்ளிவிடுகிறது அது. பெரிய விமானங்களுக்காகப் பிறந்து, மாதிரி விமானங்களின் உலகப் பந்தயத்துக்கும் வந்து சேர்ந்தது.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன்; ஆனால் முற்றிலும் சரணடைய மனம் வரவில்லை. பெரும்பான்மையோரிடமிருந்து விலகிய எண் பிழையான எண் என்பது இதன் அடிப்படை. கரணத்தின் நடுவே நான்கு உருளலுக்குப் பதில் மூன்றுதான் நிகழ்ந்தது என்பதை ஐந்து பேரில் ஒருவரே எண்ணிக் கண்டிருந்தால், விலகி நிற்பவர் அவரே. உண்மையைக் கண்டவரும் அவரே. அப்போது கணக்கு சத்தியத்தையே குப்பையில் சேர்த்துவிடும். ஆகையால் பூஜ்யம் இடும்படி ஒரு குற்றம் நிகழ்ந்ததா என்பதை எண்ணின் போக்குக்கு விடாமல், பறப்பு முடிந்ததும் நடுவர்கள் கூடிப் பேசித் தெளிந்துகொள்வதே முறை.

இப்போது விமானத்தினுள் ஒரு சிறு கருவியை வைத்து, அது வரைந்த பாதையைப் பிறகு திரையில் போட்டுப் பார்த்துப் பயிலும் வழக்கம் பரவியிருக்கிறது. கோணத்தையும் ஆரத்தையும் அந்தக் கருவி நடுவரைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் நடுவர் வரைவடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஓட்டத்தின் மென்மை, ஒரு கரணம் அடுத்ததனோடு அளவில் பொருந்தும் லக்ஷணம் ஆகியவற்றுக்கும் அவர் எண் இட வேண்டியிருக்கிறது. ஆகவே பந்தயத்துக்கு முன், பட்டத்துக்குப் போட்டியிடாத ஒருவர் இன்றும் முதலில் பறந்து காட்டுகிறார். நடுவர்கள் தத்தம் எண்களை எழுதி, ஒருவர் தாளை ஒருவர் பார்த்து, எங்கே எதற்காக வேறுபட்டோம் என்று பேசிக்கொண்டு, பிறகே நாற்காலியில் சென்று அமர்கிறார்கள்.