மிகப் பெரிய மின் நிலையங்களின் மின்சாரம் எங்கே போகிறது?

உலகின் மிகப் பெரிய மின் நிலையங்கள் என்று ஒரு பட்டியல் அடிக்கடி கண்ணில் படும். நீர், நிலக்கரி, அணு, காற்று, சூரியன் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றிலும் முதல் இடம் எதற்கு என்று போட்டிருப்பார்கள். மின்வாரியத்தில் லோடு டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு இரண்டு கேள்விகள் வரும். இந்த நிலையம் வருஷத்துக்கு உண்மையில் எத்தனை யூனிட் தந்தது? அந்த மின்சாரம் யாருக்குப் போனது? பட்டியலில் இந்த இரண்டும் இருக்காது. மெகாவாட் மட்டும்தான் இருக்கும்.

மெகாவாட் என்பது நிறுவுதிறன். ஐம்பது சீட் பஸ் என்பதால் தினமும் ஐம்பது பேர் அதில் போகிறார்கள் என்று அர்த்தமில்லை அல்லவா, அது போலத்தான். (எங்கள் தொழிலில் உற்பத்தி எந்திரத்தையும் ‘யூனிட்’ என்போம், மீட்டரில் ஓடுவதையும் ‘யூனிட்’ என்போம். குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரையில் யூனிட் என்றால் மீட்டரில் ஓடுவதுதான்.)

நீர் மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இடம் சீனாவில் யாங்சே நதியின் மேல் கட்டிய மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு. 700 மெகாவாட் எந்திரங்கள் 32, சொந்த உபயோகத்துக்கு 50 மெகாவாட் எந்திரங்கள் 2, ஆக 22,500 மெகாவாட். பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவே பாரானா நதியில் இருக்கும் இடாய்ப்பு 14,000 மெகாவாட்தான். சீனாவிலேயே பைஹேடான் என்று 16,000 மெகாவாட் நிலையம் வந்துவிட்டதால், திறன் கணக்கில் இடாய்ப்புக்கு இன்று மூன்றாம் இடம். ஆனால் 2016-ல் இடாய்ப்பு தந்தது 10,310 கோடி யூனிட். ஒரே வருஷத்தில் 10,000 கோடியைத் தாண்டிய முதல் நிலையம் அது. மூன்று பள்ளத்தாக்கு அணை அதுவரை எட்டியிருந்த உச்சம், 2014-ல், 9,880 கோடி. 2020-ல் பெய்த பெருமழையில்தான் அது 11,180 கோடி தந்து இடாய்ப்பை முந்தியது. எட்டாயிரம் மெகாவாட்டுக்கு மேல் கூடுதல் திறனை வைத்துக்கொண்டு, அவ்வளவுதான் முந்த முடிந்தது.

இதில் சீனர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அணையின் முதல் வேலை வெள்ளத் தடுப்பு. வெள்ளக் காலத்துக்கு முன்பே நீர்மட்டத்தை 175 மீட்டரிலிருந்து 145-க்கு இறக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் டர்பைனுக்குக் கிடைக்கும் அழுத்தமும் இறங்கும். வெள்ளம் போன பிறகு நிரப்ப வேண்டும், வறண்ட மாதங்களில் வரத்தும் குறையும். பாரானாவில் அந்தச் சங்கடம் குறைவு. பிரேசிலுக்குள் மேலே வரிசையாகப் பல அணைகள் இருக்கின்றன. அவை தேக்கி அளந்து விடும் தண்ணீர், இடாய்ப்புக்கு ஏறக்குறைய ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது.

இடாய்ப்பின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குவரானி மொழியில் அந்தப் பெயருக்கு ‘ஒலிக்கும் கல்’ என்று பொருள். அங்கே ஆற்றின் நடுவில் இருந்த ஒரு பாறைத் தீவின் பெயர் அது. அதற்கு மேலே குவாயிரா என்ற இடத்தில் ஏழு அருவிகள் என்று அழைக்கப்பட்ட பெரிய அருவிக்கூட்டம் இருந்தது. தண்ணீரின் அளவில் நயாகராவைவிடப் பெரியது. அந்த அருவிப் பக்கம் எல்லை எங்கே போகிறது என்பதில் இரண்டு நாடுகளுக்கும் பழைய தகராறு. 1864 முதல் 1870 வரை நடந்த போரில் பராகுவே தோற்ற நாளிலிருந்தே தொடர்வது. 1965-ல் பிரேசில் ராணுவம் அங்கே போய் உட்கார்ந்தது. 1966 ஜூனில் இரு தரப்பும் கூடி, நதியின் மின்சாரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். 1973 ஏப்ரல் 26 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது இரண்டு நாடுகளிலும் ராணுவ ஆட்சி. அணை நிரம்பியதும் தகராறு நிலம் ஏரிக்கு அடியில் போய்விட்டது. அருவியும்தான்.

அருவியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1982 ஜனவரியில் அந்தக் கூட்டத்தைத் தாங்காமல் அங்கிருந்த தொங்கு நடைபாலம் அறுந்து 32 பேர் இறந்தார்கள். பிரேசிலின் பெருங்கவிஞர் கார்லோஸ் ட்ரும்மோன் ஜி அந்திராஜி அருவிக்கு விடைகொடுத்து ஒரு கவிதை எழுதி நாளிதழில் வெளியிட்டார். அக்டோபர் 13 அன்று மதகுகளை அடைத்தார்கள். பதினான்கே நாளில் 1,350 சதுர கிலோமீட்டர் ஏரி நிரம்பிவிட்டது. கரையில் இருந்த விவசாயிகள் பல ஆயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவா குவரானி பழங்குடியினரின் ஊர்களும் முழுகின. அணைக்குத் தங்கள் மொழியில் பெயர் இருக்கிறதே தவிர, இழந்த நிலத்துக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இப்போது என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பராகுவேயில் மின்சாரம் 50 சைக்கிள், பிரேசிலில் 60 சைக்கிள். இரண்டையும் நேரடியாகச் சேர்க்க முடியாது. பராகுவேயை 60-க்கு மாறச் சொல்லிப் பார்த்தார்கள், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே எந்திரங்களில் பாதி 50, பாதி 60 என்று அமைத்தார்கள். 1984 மே மாதம் முதல் மின்சாரம் வந்தபோது, 700 மெகாவாட் எந்திரம் ஒன்றே பராகுவே நாட்டின் மொத்தத் தேவையைவிடப் பெரியது. மீதியை என்ன செய்வது? ஒப்பந்தப்படி, தனக்கு வேண்டாததை மற்ற பங்காளிக்குத்தான் தர வேண்டும், மூன்றாம் நாட்டுக்கு விற்க வழியில்லை. அதனால் 50 சைக்கிள் மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி, 600 கிலோவோல்ட்டில் சுமார் 800 கிலோமீட்டர் கொண்டுபோய், சாவோ பாலோ அருகே திரும்பவும் ஏ.சி.யாக்கி 60 சைக்கிளில் கொடுத்தார்கள். பல வருஷங்கள் உலகிலேயே உயர்ந்த டி.சி. வோல்டேஜ் அதுதான். எஞ்சினியர் என்ற முறையில் எனக்கு அந்த லைன் மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் பராகுவேக்காரர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. தங்கள் பங்கு மின்சாரம் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2009-ல்தான் பிரேசில் ஆண்டுதோறும் தரும் ஈட்டுத்தொகையை 12 கோடி டாலரிலிருந்து 36 கோடியாக உயர்த்தச் சம்மதித்தது. கட்டுமானக் கடன் 2023 பிப்ரவரியில்தான் அடைந்தது.

அதே 2009-ல், நவம்பர் 10 இரவு, சாவோ பாலோ மாநிலத்தில் இடாபெரா பக்கம் பெரிய லைன்களில் ஷார்ட் சர்க்யூட். இடாய்ப்பில் எந்திரங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மின்சாரம் போக வழி இல்லை. நிலையம் முழுவதும் நின்றது, அதன் வரலாற்றில் முதல் முறையாக. பிரேசிலில் 18 மாநிலங்கள் பாதிக்கப்பட்டன. சாவோ பாலோவும் ரியோவும் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பராகுவேயும் சிறிது நேரம் இருண்டது. நான் வேலையில் இருந்த காலத்தில், 210 மெகாவாட் எந்திரம் ஒன்று டிரிப் ஆனாலே டெலிபோனைக் கீழே வைக்க நேரம் இருக்காது. அன்றிரவு அந்தக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

பட்டியலில் உள்ள மற்ற பெரிய நிலையங்களும் பெரும்பாலும் இந்த மாதிரிதான். அவ்வளவு பெரிதாகக் கட்டுவதே தூரத்தில் இருக்கும் யாருக்கோ அனுப்பத்தான். சீனாவின் டுவோகெடுவோ அனல் நிலையம், 6,720 மெகாவாட், நிற்பது உள்மங்கோலியாவில், மின்சாரம் பெய்ஜிங்குக்கு. கான்சு மாநிலத்துப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகளை நட்டார்கள். கொண்டுபோக லைன் போதாமல் 2015, 2016-ல் அந்த மாநிலத்தில் கிடைத்திருக்கக்கூடிய காற்று மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணானது. நம் கமுதியும் 2016-ல் இந்தப் பட்டியலில் இடம்பிடித்தது. ஒரே இடத்தில் 648 மெகாவாட் சூரிய மின்சாரம், அந்த வகையில் அப்போது உலகிலேயே பெரியது. சூரிய மின்சாரத்தில் முதலிடம் ஒரு வருஷம் தங்கினாலே அதிகம். சீக்கிரமே மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள்.

அணு மின்சாரத்தில் மட்டும் முதலிடம் நெடுங்காலமாக மாறவில்லை. ஜப்பானின் மேற்குக் கரையில், நீகாட்டா மாநிலத்தில் இருக்கும் காஷிவசாகி-கரிவா நிலையம் அது. ஏழு உலைகள், 8,212 மெகாவாட். முதல் உலை 1985-லும் ஏழாவது 1997-லும் வணிக உற்பத்திக்கு வந்தன. நடத்துவது டோக்கியோ மின்சாரக் கம்பெனி. நீகாட்டா மக்களுக்கு மின்சாரம் கொடுப்பது அந்தக் கம்பெனி அல்ல, தோஹோகு மின்சாரக் கம்பெனி. அதாவது காஷிவசாகியில் பிறக்கும் மின்சாரம் மலை தாண்டி டோக்கியோவுக்குப் போகும்.

அந்த ஊர் இதற்கு எப்படிச் சம்மதித்தது? 1972 முதல் 1974 வரை ஜப்பானின் பிரதமராக இருந்த ககுவேய் தனாகா அந்தப் பகுதியில் பிறந்தவர். பனி கொட்டும், ஏழ்மையான பகுதி. அவர் ஆட்சியில் 1974-ல் மூன்று சட்டங்கள் வந்தன. மின்சாரம் விற்பதன் மேல் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தை மின் நிலையத்துக்கு இடம் கொடுக்கும் ஊர்களுக்கு மானியமாகத் தருவது. ஊர்களுக்கு ரோடும் மண்டபமும் விளையாட்டு அரங்கும் வந்தன. தனாகா கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெருநகரத்துக்காக ஆபத்தைச் சுமக்கும் ஊருக்குப் பெருநகரமே காசு கொடுக்கட்டும் என்பது நியாயமான யோசனைதான்.

ஆனால் ஊர்க்காரர்கள் காசு வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1996-ல் அதே நீகாட்டாவில் மாகி என்ற ஊரில் புதிய அணு நிலையம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்து, சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2001-ல் கரிவா கிராமமே, சுமார் ஐயாயிரம் பேர் வாழும் இடம், தங்கள் ஊர் உலையில் புளூட்டோனியம் கலந்த எரிபொருள் போடலாமா என்று வாக்களித்தது. பாதிக்கு மேல் எதிர்ப்பு. அந்தத் திட்டம் கிடப்பில் போனது.

2007 ஜூலை 16 அன்று கடலடியில் நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாக நின்றன, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்து எரிந்தது. ஏழு உலைகளும் மூடப்பட்டு, சில மட்டும் 2009-லிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடின. பிறகு 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. அதுவும் இதே கம்பெனியின் நிலையம், அதுவும் தோஹோகு பகுதியில் நின்றுகொண்டு டோக்கியோவுக்கு மின்சாரம் அனுப்பியதுதான். டோக்கியோவில் பற்றாக்குறை வந்தபோது மேற்கு ஜப்பானில் மின்சாரம் இருந்தும் கொண்டுவர முடியவில்லை. கிழக்கு 50 சைக்கிள், மேற்கு 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் பலன். மாற்றி அனுப்பும் நிலையங்களின் திறன் அப்போது மொத்தம் சுமார் 1,000 மெகாவாட்தான்.

2012 மார்ச் 26 அன்று காஷிவசாகியில் கடைசியாக ஓடிய ஆறாவது உலையும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் அங்கிருந்து டோக்கியோவுக்கு ஒரு யூனிட் கூடப் போகவில்லை. நடுவில், ஊழியர் ஒருவர் வேறொருவரின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூம் வரை போனதும் மற்ற பாதுகாப்புக் குறைகளும் வெளியே வந்து, 2021-ல் ஒழுங்குமுறை ஆணையம் தடையும் போட்டது. அது நீங்கியது 2023 டிசம்பரில். அந்த வருஷங்கள் முழுவதும் பட்டியலில் அதற்கு முதல் இடம். பயன்படுத்திய எரிபொருளைக் குளத்தில் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பம்பு ஓட வேண்டும், வேலை செய்யும் சில ஆயிரம் பேருக்கு விளக்கு எரிய வேண்டும். அதற்கெல்லாம் மின்சாரத்தை அந்த நிலையம் வெளியிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது.