ஒரு டாலர் நஷ்டஈடு

1990-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று ஓர் ஓவியருக்கு நஷ்டஈடாக ஒரே ஒரு டாலர் வழங்கித் தீர்ப்பளித்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதன் பின்னணி சிரிக்கக்கூடியதல்ல.

அவர் பெயர் டேவிட் வோய்னரோவிச். 1954-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். தந்தையிடம் அடிபட்ட பிள்ளைப்பருவம், பதின்வயதில் நியூயார்க் தெருக்களில் உடலை விற்றுப் பிழைத்த நாட்கள். பிறகு ஓவியம், புகைப்படம், குறும்படம், எழுத்து, இசை என எல்லாவற்றிலும் இயங்கினார். தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை அவர் படைப்புகளில் மறைத்ததே இல்லை.

அமெரிக்காவில் எய்ட்ஸ் முதன்முதலில் பதிவானது 1981-ல். அதைப் பற்றி அதிபர் ரீகன் முழு உரை ஒன்றை நிகழ்த்தியது 1987 மே மாதம்தான்! அதற்குள் 20,000-க்கும் அதிகமானோர் இறந்திருந்தனர். அதே ஆண்டு நவம்பரில் டேவிட்டின் ஆசான் போன்ற நண்பர், புகைப்படக் கலைஞர் பீட்டர் ஹுஜார் எய்ட்ஸால் இறந்தார். இறந்தவரின் முகம், கை, பாதம் ஆகியவற்றை டேவிட் படம்பிடித்தார். தனக்கும் அதே நோய் என்பது விரைவிலேயே தெரியவந்தது.

கிருமி மட்டுமல்ல, கைகட்டி நின்ற அரசும் திருச்சபையும்கூடக் கொல்கின்றன என்பது அவர் வாதம். 1988 அக்டோபரில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறையின் அலுவலகத்தைப் போராட்டக்காரர்கள் முற்றுகையிட்டனர். டேவிட் அணிந்திருந்த சட்டையின் முதுகில் ஒரு வாசகம்: எய்ட்ஸில் செத்தால் என்னைப் புதைக்காதீர்கள், அந்த அலுவலகப் படிகளில் போட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம்.

வழக்குக்கு வருவோம். அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பு, அவர் படைப்புகளிலிருந்து 14 துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, "உங்கள் வரிப்பணம் இதற்கா போகிறது?" என்ற தொனியில் துண்டறிக்கை அச்சிட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிறருக்கும் அனுப்பியது. டேவிட் வழக்குத் தொடுத்தார். படைப்பைச் சிதைத்துக் காட்டியது தவறு என்ற நீதிமன்றம், அதை மேலும் பரப்பத் தடை விதித்தது. பண இழப்பு நிரூபிக்கப்படாததால் கிடைத்தது ஒரு டாலர்.

1992 ஜூலை 22 அன்று, 37 வயதில் அவர் இறந்தார். 1996-ல் அவரது சாம்பல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் தூவப்பட்டது.

வெட்டுவது அத்தோடு நின்றதா? இல்லை. 2010-ல் வாஷிங்டனின் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் அவருடைய குறும்படம் ஒன்று திரையிடப்பட்டது. சிலுவையில் எறும்புகள் ஊரும் சில விநாடிக் காட்சிக்கு எதிர்ப்பு எழுந்ததும் முழுப் படத்தையுமே எடுத்துவிட்டார்கள்.

வலியைச் சொன்னவரை இருமுறையும் துண்டாகத்தான் பார்த்தார்கள். 2018-ல் விட்னி அருங்காட்சியகம் அவருக்காகப் பெரும் கண்காட்சி நடத்தியது. முழுமையாகப் பார்க்கப்படும் நாள் வந்தபோது, பார்க்க அவர் இல்லை.