பெங்களூர்ப் பீரங்கிப் படையும் தமிழ் வீரரும்: குடும்பச் சான்றுகள் வழி ஒரு தேடல்

முன்னுரை

1939இல் ஏறத்தாழ 2 லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945இல் 25 லட்சமாகப் பெருகியது. அப்பெரும்படையில் சென்னை மாகாணத்துத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். எனினும் அவர்களுள் ஒருவரைப் பெயர் சொல்லித் தேட முற்படுவோர்க்கு ஆவணங்கள் எளிதில் வழிவிடுவதில்லை. இக்கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டனாருடைய தமையனார் அப்போரில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். அவரைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சியிருப்பவை மூன்று: நாடா அறுந்த ஒரு நட்சத்திரப் பதக்கம், சீருடையில் எடுத்த ஒரு நிழற்படம், 'பெங்களூரில் சேர்ந்து எகிப்தில் பீரங்கி சுட்டவர்' என்னும் வாய்மொழிச் செய்தி. இம்மூன்றையும் படை வரலாற்றோடு பொருத்தி, எவ்வளவு அறியமுடிகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரும் பீரங்கிப் படையும்

பெங்களூர்த் தண்டுப் பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானபோதே, சென்னைப் படையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் அங்குக் குடியேறின. அல்சூரும் அதன் சுற்றுப்புறமும் தமிழ் வழங்கும் இடங்களாக நிலைபெற்றமைக்கு இது முதன்மைக் காரணம் எனலாம்.

பீரங்கியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. சென்னைப் பீரங்கிப் படை ஒருகாலத்தில் பரங்கிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கியது. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின், மலைப் பீரங்கிப் பிரிவுகள் போன்ற சில நீங்கலாக, பீரங்கிகளை இந்தியர் கையில் ஒப்படைப்பதை ஆங்கில அரசு தவிர்த்தது. களப் பீரங்கிகளை இயக்கும் பொறுப்பு ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. 'போர்க்குடிகள்' என்னும் கொள்கையும் தென்னிந்தியரைப் படையிலிருந்து விலக்கி வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் சென்னைக் காலாட்படைகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. பொறியாளர் படையான சென்னை சாப்பர்கள் மட்டும் பெங்களூரில் நிலைத்திருந்தனர்.

இந்நிலையில் 1935ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், இந்தியரைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படையான 'ஏ' ஃபீல்ட் பிரிகேட் பெங்களூரில் தோற்றுவிக்கப்பட்டது. அதில் இடம்பெற்ற வகுப்பினருள் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் மறுக்கப்பட்டிருந்த ஒரு தொழில் அவர்க்கு மீண்டும் கிடைத்தது என்பதே இந்நிகழ்வின் சிறப்பு. எனவே 'பெங்களூரில் சேர்ந்தவர்' என்னும் குடும்பச் செய்தி வரலாற்றோடு முரண்படவில்லை. ஆயினும் இது இயல்தன்மையைக் காட்டுமேயன்றி, அவர் அப்படையிலேயே சேர்ந்தார் என்பதை நிறுவாது.

பதக்கம் கூறுவதும் கூறாததும்

நம் வீட்டுப் பதக்கம் ஆறுமுனை கொண்டது. நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகளும், அதனைச் சுற்றி 'ஆப்பிரிக்கா ஸ்டார்' என்னும் ஆங்கிலத் தொடரும் பொறிக்கப்பட்டுள்ளன. 1940 சூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்கா முதலிய களங்களில் பணிபுரிந்தோர்க்கு இது வழங்கப்பட்டது. தரைப்படையினர்க்கு அக்களத்தில் ஒரு நாள் பணியே போதுமானதாயிற்று. ஆகவே எகிப்து பற்றிய வாய்மொழிக்கு இப்பதக்கம் துணைநிற்கிறது. ஆனால் எந்தப் போரில், எத்தனை நாள் என்பதற்கு விடையளிக்கவில்லை.

1942 அக்டோபர் 23ஆம் நாள் தொடங்கிய எல் அலமைன் போர் முதலாக எட்டாம் படையில் பணிபுரிந்தோர்க்கு, அதனைக் குறிக்கும் சிறு பட்டையொன்று கூடுதலாக வழங்கப்பட்டது. நம் பதக்கத்தில் அப்பட்டை இல்லை. இதனைக் கொண்டு, அவர் அந்நாளுக்கு முன்பே களத்தை விட்டு நீங்கினார் என முதலில் கருதினேன். அக்கருத்தைக் கைவிட நேர்ந்தது. அப்பட்டை உலோகத்தின்மேல் அன்றி நாடாவின்மேல் தைக்கப்படுவது. நம் பதக்கத்தின் நாடாவோ அறுந்து தொலைந்தது. இன்மையைச் சான்றாகக் கொள்வதற்கு முன், இருந்து மறைந்திருக்கக்கூடுமா என வினவுதல் வேண்டும். ஓலைச்சுவடியின் சிதைந்த ஏட்டைக் கையாளும் முறை இங்கும் பொருந்தும்.

'பீரங்கி சுட்டவர்' என்னும் தொடரையும் அவ்வாறே நோக்குதல் தகும். அக்காலக் களப் படைகளின் முதன்மைக் கருவியாக விளங்கிய 25 பவுண்டர் பீரங்கியை இயக்க ஆறு பேர் தேவைப்பட்டனர். குண்டு எடுத்துத் தருபவர், குறி பார்ப்பவர் எனப் பணிகள் பிரிந்திருந்தன. இவர்களையன்றி வண்டியோட்டிகளும் செய்தித் தொடர்பாளரும் பலர் இருந்தனர். வீட்டுப் பேச்சில் இவர்கள் அனைவரும் 'பீரங்கி சுட்டவர்' ஆவர்.

அதிகாரியின் தடமும் வீரரின் தடமும்

இதற்கு நேர்மாறானது பரமசிவ பிரபாகர் குமாரமங்கலத்தின் வாழ்வு. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகனான இவர், இந்தியப் பீரங்கிப் படையின் தொடக்ககால இந்திய அதிகாரிகளுள் ஒருவர். 1942 மே 27ஆம் நாள் லிபியாவின் பிர் ஹக்கீம் அருகே மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேட் இத்தாலியக் கவச வண்டிகளால் தாக்கப்பட்டபோது, அதனோடிருந்த இரண்டாம் இந்தியக் களப் பீரங்கிப் படையில் இவர் போரிட்டார். அப்போரில் சிறைப்பட்டு இத்தாலியிலும் செருமனியிலும் கைதியாக வைக்கப்பட்டார். போர்த்திறத்திற்காக டி.எஸ்.ஓ. விருது பெற்ற இவர், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவராக விளங்கினார்.

அதே மணலில் அதே நாளில் பீரங்கிக்குப் பின்னால் நின்ற வீரர்க்கு இத்தகைய தடம் இல்லை. இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள் அதிகாரிகளைப் பெயரால் குறிக்கின்றன. வீரர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையால் குறிக்கின்றன.

போரில் மாண்டோர்க்கு ஒரு வழி உண்டு. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தோரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பட்டியலிட்டுள்ளது. தமிழ் வீரர் பலரின் பதிவில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் தரப்பட்டுள்ளன. உயிரோடு திரும்பியவரை அப்பட்டியலில் காண இயலாது. நம் உறவினர் திரும்பி வந்தார். திரும்பி வந்தமையாலேயே பெயர் இழந்தார் எனலாம்.

பெயரும் எழுத்தும்

பெயர் கிடைக்கும் இடத்தும் எழுத்துக்கூட்டல் தடையாகிறது. சேர்க்கையின்போது காதால் கேட்டுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் தமிழறிந்தவராக இருந்தார் என்பதற்கு உறுதியில்லை. ஆங்கில எழுத்து லகர ளகர ழகரங்களையோ, நகர னகர ணகரங்களையோ வேறுபடுத்துவதில்லை. முனிசாமி, முனுசாமி, முனியசாமி என்பன மூன்று ஆட்களா, ஓர் ஆளின் மூன்று வடிவங்களா என்பதைப் பட்டியல் மட்டும் தெளிவிக்காது. தந்தையின் பெயர் சிலரிடம் தலைப்பெழுத்தாகவும் சிலரிடம் முழுப்பெயராகவும் நிற்கிறது. தொண்டை மண்டலத்தில் வழங்கும் வடிவம் எது, கொங்கில் வழங்குவது எது என்னும் அறிவு இங்கே இன்றியமையாதது. அது படை வரலாற்றாசிரியரிடம் இல்லை, தமிழ்த்துறையிடம் உள்ளது.

கடிதங்கள்

வீரரின் சொல் எங்கே என்னும் வினா இவை அனைத்தினும் பெரிது. மத்தியக் கிழக்கில் இருந்த இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கையாளர் படித்துத் தொகுத்த அறிக்கைகள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவை வீரரின் மனநிலையை அரசு அறிவதற்காகத் தொகுக்கப்பட்டவை. ஊரில் விலைவாசி ஏறியது குறித்த கவலை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கு நாம் படிப்பது தணிக்கையாளரின் ஆங்கிலமே. வீரர் எழுதிய தமிழ், உறை ஒட்டப்பட்டு ஊருக்குச் சென்றது. ஆகவே மூலம் இருக்குமாயின் இங்குள்ள வீடுகளிலேயே இருத்தல் வேண்டும். நம் குடும்பத்தில், அவர் மறைவுக்குப் பின் பெட்டியிலிருந்த தாள்கள் பயனற்றவை எனக் கருதப்பட்டு எரிக்கப்பட்டன. வேறு குடும்பங்களிலும் இவ்வாறு நிகழ்ந்திருத்தல் கூடும்.

மியான்மரின் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடம் ஏறத்தாழ 27,000 பெயர்களைத் தாங்கி நிற்கிறது. தமிழ்ப் பெயர்களும் அவற்றுள் உள்ளன. அதன் அர்ப்பணிப்பு வாசகமோ ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகியவற்றில் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. தமிழர் படையில் இருந்தனர். தமிழ் படையின் நினைவில் இடம்பெறவில்லை.

முடிவுரை

இத்தேடலால் உறுதிப்படுவது சிறிது: இவ்வீரர் 1940 சூனுக்கும் 1943 மே மாதத்திற்கும் இடையே ஆப்பிரிக்கக் களத்தில் பணிபுரிந்தார். பெங்களூரில் சேர்ந்தார் என்பது ஏற்கத்தக்கது. எப்படைப்பிரிவு, எப்போர் என்பன அறியப்படவில்லை. நாசிக்கிலுள்ள பீரங்கிப் படை ஆவண அலுவலகத்தை அணுகுவதற்கும் படை எண் வேண்டும். அவ்வெண் பெரும்பாலும் விடுவிப்புச் சான்றிலோ கடித உறையிலோ இருப்பது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் உதவித்தொகை வேண்டி அளித்த விண்ணப்பங்களும் ஒரு வாயிலாகலாம்.

போர்க்காலத் தமிழ்க் கடிதங்கள், சான்றுகள், நிழற்படங்கள் ஆகியவற்றை வீடுவீடாகத் தேடிப் படியெடுக்கும் பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளல் வேண்டும். அக்கடிதங்களைப் பெற்றோரும் எழுதியோரும் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். பெட்டிகள் சில இன்னும் திறக்கப்படாமல் உள்ளன. சுவடி தேடியவர்கள் நெருப்புக்கு முன் சென்று சேர்ந்த வீடுகளும் உண்டு, பின் சென்று சேர்ந்த வீடுகளும் உண்டு. இவ்வாய்வு பின் சென்ற ஒரு வீட்டிலிருந்து எழுதப்படுகிறது.